கடலடைப்புக்கு மூன்று நாள்

பாறையடித்துறையில் கடைசியாக ஒரு கல்யாணம் நடந்து மூன்று வருடமும் ஏழு மாதமும் ஆகியிருந்தன. மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ அந்த ஊரில் பஞ்சம் கிடையாது. நிச்சயம் முடித்து, மோதிரம் மாற்றி, புடவைக்கு நிறம்கூடப் பார்த்துவிட்டு முப்பத்தேழு ஜோடிகள் காத்துக் கிடந்தன. கடல்தான் விடமாட்டேன் என்றது.

அந்த முப்பத்தேழில் ஒன்று டெல்பினும் பனிதாசனும். இதில் வேடிக்கை என்னவென்றால், விடமாட்டேன் என்று நின்ற அந்தக் கடலுக்குச் சாவி டெல்பினின் கையில்தான் இருந்தது. கரையில் ஒரு பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தை வெள்ளையடித்து, திரைகளும் பொத்தான்களும் வைத்து, அதற்குக் கடற்குழாய் நிலையம் என்று பெயரும் வைத்து, அவளை அதற்கு ஆபரேட்டராக உட்கார்த்தியிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குப் போவாள். கடல் போகாது.

மலைப்பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பங்குத்தந்தை ரொமால்டுக்கு இது எதுவும் தெரியாது. கோயில் பதிவேட்டைப் புரட்டியவர் கல்யாணப் பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, யாராவது பக்கங்களைத் திருடிவிட்டார்களா என்று முதலில் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரைச் சந்தேகப்பட்டார். பிறகு நேராக நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, இந்த ஊர்ல யாருமே கல்யாணம் பண்ணிக்கிறதில்லையா?"

"அதுக்குக் காரணம் வெளிய மெதக்குல்லா ஃபாதர், அதுதான்" என்று டெல்பின் ஜன்னலைக் காட்டினாள். கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருநூற்று நாற்பது மஞ்சள் மிதவைகள். இங்கிருந்து பார்த்தால் கடலுக்குச் சின்னம்மை போட்டதுபோல் இருக்கும்.

"புரியலையே."

"முன்னால கச்சான்னு ஒரு காத்து உண்டு. வைகாசி நடுவுல, இடவப்பாதி மழையோட வரும். நீங்க பால் காச்சி வச்சா மேல ஏடு படியும்லா? ஒரு பக்கமா நின்னு ஊதுங்க. ஏடு அந்தால ஒதுங்கும், கீழ உள்ள பால் மேல வரும். அதே சங்கதிதான். கச்சான் ஊதும். மேல கெடக்க சூட்டுத் தண்ணி கரைய விட்டு ஒதுங்கும். அடியில உள்ள குளுந்த தண்ணி மேல வரும். அதுலதான் உரம் கெடக்கு. உரத்தத் தின்ன பாசி, பாசியத் தின்ன சாளை, சாளையப் புடிக்க எனக்க அப்பா."

"அப்போ காத்து கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்குமா?"

"இல்ல ஃபாதர். கரையோரமாத் தெக்க பாத்துத்தான் அடிக்கும். பூமி சுத்துகுல்லா? அதுனால தண்ணி காத்து சொல்லுக தெசையில போவாது. வலப்பக்கமா வெலகி மேக்க போவும்."

"காத்து சொன்னாக்கூடக் கேக்காதா?"

"எங்க ஊருக் கடலுல்லா."

பாதிரியார் சிரித்தார். டெல்பின் தொடர்ந்தாள். கச்சான் ஓய்ந்து வாடைக்காற்று வந்தால் நீரோட்டம் திரும்பும். சூட்டுத் தண்ணீர் கரையோடு வந்து ஒட்டிக்கொள்ளும். அடித்தண்ணீர் அடியிலேயே கிடக்கும். வலையில் ஒன்றும் விழாது. அப்போதுதான் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள், பந்தல் போடுவார்கள், பழைய சண்டையைத் தீர்ப்பார்கள், புதுச் சண்டையைத் தொடங்குவார்கள். அப்படி இருந்த ஊரில் பத்து வருடத்துக்கு முன்பு கச்சானுக்கு என்னவோ ஆகிவிட்டது. ஆறு வருடம் ஒழுங்காக வீசவேயில்லை. ஊர் பட்டினி கிடந்தது. அப்புறம்தான் குழாய்கள் வந்தன. ஒவ்வொரு மிதவைக்குக் கீழும் எண்பது மீட்டர் நீளத்தில் ஒரு குழாய். அலை ஏறி இறங்கும்போது அதுவே அடித்தண்ணீரை உறிஞ்சி மேலே விடும். காற்றே வேண்டாம்.

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா கச்சான் நாலு மாசத்துல போயிரும். கொழாய் போவாது."

பாறையடித்துறையின் வழக்கம் இதுதான். மூன்று நாள் தொடர்ந்து எந்த வள்ளமும் ஒரு பெட்டி மீன்கூடக் கொண்டுவராமல் போனால் ஊர்த்தலைவர் கரையில் நின்று 'கடல் அடைந்தது' என்று சொல்ல வேண்டும். உடனே கோயில் மணி அடிக்கும். அதற்குப் பிறகுதான் கல்யாண ஓலை வாசிக்கலாம். எப்போதோ ஒரு காலத்தில் சீசன் நடுவே கல்யாணம் வைத்து, ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சாளைக்கூட்டம் கரைவரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். அந்த வருடம் முழுக்க மீனே இல்லையாம். அன்று சோற்றில் கை வைத்திருந்தவர்கள் எழுதி வைத்த சட்டம். குழாய் வந்த நாளிலிருந்து மூன்று நாள் என்ன, மூன்று மணி நேரம்கூடக் கடல் வெறுமையாக இருந்ததில்லை. வருடம் முழுக்கச் சீசன்.

"சட்டத்தை மாத்தலாமே?" என்றார் பாதிரியார்.

"தலைவர் சம்மதிக்கணும்."

"தலைவர் யாரு?"

"எனக்க அப்பா" என்றாள் டெல்பின்.

பாதிரியார் எழுந்து கிளம்பினார்.

ததேயு ஊர்த்தலைவராகி ஒன்பது வருடம். இரண்டு முறை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தது. இரண்டு முறையும் எழுந்த இடத்திலேயே உட்கார்த்திவிட்டார். "ஆறு வருசம் வலையக் காயப்போட்டுட்டு மரச்சீனிக் கெழங்குக்குக் கையேந்துனோம். மறந்து போச்சா? கும்பிட்டுக் கேட்ட மீனு வந்து நிக்கியப்ப, போ, நாங்க பந்தி வைக்கணும்னு சொல்லவா?" என்று கேட்டார். கூட்டம் அத்தோடு கலைந்தது. அவர் சொன்னது உண்மை. அந்த ஆறாவது வருடத்தில்தான் டெல்பினின் அம்மா காய்ச்சலில் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னபோது, கையில் காசில்லாத கணவருக்குச் சங்கடம் தரக்கூடாதென்று "நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிச் சொல்லியே போனாள். அதன் பிறகு ததேயு ஒரு நாள் கூடக் கடலை ஓய விட்டதில்லை.

டெல்பினுக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான் அப்பாவிடம் அவளால் சண்டைகூடப் போட முடியவில்லை. ஆனால் அந்தத் தை மாதத்தில் பனிதாசன் வந்து ஒரு காகிதத்தை நீட்டினான். கத்தாரில் படகு வேலை. மூன்று வருட ஒப்பந்தம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"போவப் போறியா?" என்றாள்.

"இங்க நின்னு என்ன செய்ய? ஞாயித்துக்கெழம ஒரு நாளு தான் உனக்க மொகத்தப் பாக்கேன். அதுவும் பூசையில, பின்னால இருந்து." தன் கைகளைக் காட்டினான். கயிறு இழுத்து இழுத்து விரல்கள் மடங்க மறுத்தன. "சோறு பெசஞ்சு உருட்ட முடியல்ல டெல்பின். கரண்டி வச்சித் திங்கேன். எனக்க மாமனுக்க வள்ளத்துல உள்ள அஞ்சு பேரும் கரண்டிதான்."

அவனுக்கு இருபத்தொன்பது வயது. அந்தக் கரண்டி டெல்பினுக்கு மிகவும் வலித்தது. ஏழு வருடமாக அவனை நேசிக்கிறாள். இனி மூன்று வருடம் கத்தார் என்றால் காத்திருப்பு பத்து வருடத்தோடும் நிற்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"திங்கக்கெழமைலருந்து புதன் வரைக்கும் கொழாய அடைக்கப் போறேன்" என்றாள்.

பனிதாசன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"ஆப்பீஸ்ல கேட்டா?"

"பராமரிப்புன்னு சொல்லுவேன். யாருக்கிட்டயும் மூச்சு விடப்படாது. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னக் கொழாய்க்குள்ள போட்டுருவாரு."

"மாதா மேல சத்தியமா ஒருத்தருட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான் பனிதாசன். அவன் நல்லவன். சத்தியம் செய்யும்போது உண்மையாகவே செய்வான்.

ஞாயிறு சாயங்காலம், சரியாக ஆறு மணிக்கு, டெல்பின் இருநூற்று நாற்பது குழாய்களின் மூடிகளுக்கும் 'அடை' என்று உத்தரவு கொடுத்தாள். திரையில் இருநூற்று நாற்பது பச்சை விளக்குகள் எரிந்தன. உத்தரவு ஏற்கப்பட்டது என்று அர்த்தம். வீட்டுக்குப் போனால் அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத் தண்ணி எப்பிடி இருக்கும் மக்ளே?"

மூன்றரை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. டெல்பின் முகத்தைத் திருப்பிச் செம்பில் தண்ணீர் மொண்டாள்.

"எப்பவும் போலத்தான் அப்பா."

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுக் கஞ்சியைக் குடித்து முடித்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் நாற்பத்தொரு வள்ளங்களும் வெறுமையாக வந்தன. டெல்பினுக்கே நம்ப முடியவில்லை. அடைத்த மறுநாளே இவ்வளவு சுத்தமாகக் கடல் காலியாகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மேல்தண்ணீர் சூடேற இரண்டு நாளாவது ஆக வேண்டும். ஆனாலும் பலன் கண்ணெதிரே நிற்கும்போது புத்தகத்தை யார் பார்ப்பார்கள்? தன் குழாய்கள்மேல் அவளுக்குப் பெருமைகூட வந்தது. திரையில் தண்ணீரின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

செவ்வாயும் அப்படியே. ஆனால் அன்று பெருமை போய்க் குற்ற உணர்வு வந்து உட்கார்ந்துகொண்டது. மீன் விற்கும் சிலுவம்மா கரையில் கவிழ்த்துப் போட்ட மீன் சருவப் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். கணவன் இல்லாதவள். தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றுத்தான் வீட்டில் உலை வைக்க வேண்டும். டெல்பினால் அவளைத் தாண்டிப் போக முடியவில்லை.

"ரெண்டு நாளா ஒண்ணும் இல்ல, என்னக்கா?"

"ஓம்."

"கஷ்டமா இருக்கும்லா?"

சிலுவம்மா அவளைக் கிட்டே இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்க ரெண்டாவது மவ மூணு வருசமா கல்யாணப் பட்டுச்சேலைய எடுத்து எடுத்து மடிச்சு வைக்கா. மடிச்ச எடமே கிழிஞ்சு போச்சு. ஒரு நாளு சம்மந்திக்காரன் வந்து எத்தன நாளு காத்து நிக்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? நீ மனசு மாறி தொறந்துராத. நாளைக்கும் அடைச்சு வை."

டெல்பின் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். "யாருக்கா உங்களுக்குச் சொன்னா?"

"பனிதாசன் அவனுக்க மாமன்கிட்ட மட்டும் சொன்னானாம். மாமன் பொண்டாட்டிகிட்ட மட்டும். அவ எனக்கிட்ட மட்டும் சொன்னா. நான் ஒருத்தருட்டயும் சொல்லல்ல."

"நல்லது அக்கா."

"சந்தையில மட்டும்தான் சொன்னேன்."

ஆக, ஊருக்கே தெரியும். தெரிந்தும் நாற்பத்தொரு வள்ளமும் விடிவதற்கு முன் கிளம்பிப் போய், டீசல் எரித்து, மத்தியானம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. போகாமல் இருந்தால் கணக்கில் வராது அல்லவா? சட்டம் என்றால் சட்டம். அப்படியானால் அப்பாவுக்கும் தெரியுமா? டெல்பின் அன்று அவர் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள். அவரும் பார்க்காமலே சாப்பிட்டார்.

புதன்கிழமை காலை அவள் ஒரு முடிவோடு நிலையத்துக்குப் போனாள். மத்தியானம் மணி அடித்த அடுத்த நிமிடம் குழாய்களைத் திறந்துவிட வேண்டும். சிலுவம்மா என்னதான் சொன்னாலும் நான்காவது நாள் உலை வைக்க மீன் வேண்டும். மத்தியானம் நெருங்கும்போது, அதற்காகத் திரையைத் தயார் செய்தபோதுதான் மூன்று நாளில் முதல் தடவையாகத் தண்ணீரின் வெப்பம் கண்ணில் பட்டது.

இருபத்துமூன்று டிகிரி.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். குழாய் அடைந்திருந்தால் இதற்குள் இருபத்தெட்டு டிகிரியாவது ஆகியிருக்க வேண்டும். அடித்தண்ணீர் அதுபாட்டுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. உடனே வயர்லெஸ்ஸில் ஒல்பினைக் கூப்பிட்டாள். பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுக்கிற ஒல்பின்தான் குழாய்களைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரன். அவன் அப்போது மிதவைகளுக்குப் பக்கத்திலேயே இருந்தான்.

"ஒல்பின், எறங்கி ஒரு மூடியப் பாத்துச் சொல்லு. அடைஞ்சிருக்கா?"

கால் மணி நேரம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "எங்கக்கா அடைய? மூடி மாட்டுன கீலு முழுக்கச் சிப்பி புடிச்சுக் கெடக்கு. நாலு கொழாய் பாத்துட்டேன். நாலும் ஆன்னு வாயத் தொறந்துட்டு நிக்கு. இந்தக் குளுந்த தண்ணியில சிப்பி எனக்க உள்ளங்கை பருமன் இருக்குக்கா! ஒரு சாக்கு எடுத்துட்டு வரட்டா?"

"மீனு?"

"மீனா? கண்ணு தெரியல்ல. ஒரே சாளை. மூஞ்சியில வந்து முட்டுகு."

டெல்பின் நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் கரைக்கு ஓடினாள்.

வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எல்லாம் வெறுமை. ஆனால் இன்று அவளுக்குக் கண் இருந்தது. வெறும் வள்ளத்துக்குப் பின்னால் எந்தக் கடல்காக்கையும் வராது. ஒவ்வொரு வள்ளத்தின் பின்னாலும் ஒரு கூட்டமே கத்திக்கொண்டு வந்தது. வியாகுலம் என்ற கிழட்டு மீனவர் கரையிறங்கி, இரண்டு கையையும் விரித்து, "ஒரு செதிலுகூட இல்ல கேட்டியா" என்று யாரும் கேட்காமலே சொன்னார். அவர் வள்ளத்தின் அடித்தட்டில் ஒரு சாளை துள்ளியது. அவர் வானத்தைப் பார்த்தபடி அதைக் காலால் மூடிக்கொண்டார். பனிதாசனின் மாமன் வலையை வழக்கத்துக்கு மாறாகக் கடலிலேயே மூன்று தடவை அலசி எடுத்து வந்திருந்தார். பனிதாசன் அவளைப் பார்த்துவிட்டு, குற்றம் செய்தவன்போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை.

நாற்பது வந்தாயிற்று. கடைசி வள்ளம் ததேயுவுடையது.

கரை முழுக்க ஆள். பாதிரியார், உபதேசியார், சிலுவம்மா, முப்பத்தாறு மணப்பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள். ஊரில் பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று ஒருத்தரைச் சொல்வதானால் ததேயுவைத்தான் சொல்வார்கள். ஒரு பெட்டி மீன் அவர் வள்ளத்தில் இருந்தால் போதும், எல்லாம் முடிந்தது. டெல்பின் தண்ணீர் விளிம்புவரை போய் நின்றாள். இந்தக் கடலில் மீன் இல்லாமல் வர வழியே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வள்ளம் மணலில் ஏறியது. ததேயு இறங்கினார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். "கடல் அடைஞ்சு போச்சு. மணிய அடிங்க."

உபதேசியார் ஓடினார். மணி அடித்தது. யாரோ ஒருத்தி குலவையிட, அது கரை முழுக்கப் பரவியது. பாதிரியார் முப்பத்தேழு ஓலையை ஒரே பூசையில் வாசிக்கத் தன் தொண்டை தாங்குமா என்று கவலைப்பட ஆரம்பித்தார்.

டெல்பின் அப்பாவின் பக்கத்தில் போனாள். அவர் காதோரம் நரைமுடியில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. விரலால் எடுத்து அவர் முன் நீட்டினாள்.

"இது என்னதுப்பா?"

"பழைய செதிலு."

"ஈரமா இருக்கு."

ததேயு வள்ளத்தின் நிழலில் மணலில் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "உனக்க கொழாய்ல எங்கயோ ஓட்ட இருக்கு மக்ளே. மூணு நாளும் எனக்கு மட்டும் வலை மடி நெறய மாட்டிச்சு. மத்தவனெல்லாம் பாவம், வெறும் வலையோட வருகான். நான் ஒருத்தன் மட்டும் மீனோட வந்து நின்னா, அத்தன பிள்ளையளுக்க வாழ்க்கையும் எனக்க ஒரு பெட்டி மீனுல போயிரும். மடிவாயத் தொறந்து விட்டுட்டேன்."

டெல்பின் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். நாற்பத்தொரு வள்ளங்கள். நாற்பத்தொரு வள்ளக்காரர்கள். ஒவ்வொருவரும் தன் வலையில் மட்டும்தான் தப்பித்தவறி மீன் விழுந்தது என்று நினைத்து, ஊருக்காக அதை ரகசியமாக விட்டுவிட்டு வந்திருக்கிறார். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். சொன்னால் நாற்பத்தொரு பேருக்கும் பாதிப் பெருமை போய்விடும். சொல்லவில்லை.

"வருத்தமா இருந்துதாப்பா?"

"மொத நாளு மடிவாய மூணு தடவ கெட்டிக் கெட்டி அவுத்தேன். உனக்க அம்மைய நெனச்சேன். அவ இருந்தா வெட்டிப் போட்டுருப்பா. இல்ல, சிரிச்சிருப்பா. தெரியல்ல." பாதத்து மணலைத் தட்டிவிட்டார். "ரெண்டாவது நாளு அது போற அழகப் பாத்தேன். நாப்பது வருசமா புடிக்கேன், மீனு திரும்பிப் போறத நான் பாத்ததே இல்ல மக்ளே."

டெல்பின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் மடங்க மறுக்கும் கைதான். இத்தனை நாள் அவள் பனிதாசனின் விரல்களை மட்டுமே பார்த்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

"அடுத்த வருசமும் அடை" என்றார் ததேயு. "ஆனா ஓட்ட இல்லாம ஒழுங்கா அடை. நாளைக்கு... நாளைக்குக் காலத்த எழும்பி நான் என்ன செய்யணும்?"

அவள் யோசித்தாள். பந்தக்கால் நட வேண்டும், வலையைப் பிரித்துக் காயப்போட வேண்டும், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எதை முதலில் சொல்வது என்று திரும்பிப் பார்த்தால், அவர் வள்ளத்தில் தலை சாய்த்து உறங்கிப் போயிருந்தார்.

அவர் மட்டுமில்லை. வியாகுலம் தன் வள்ளத்துக்குள்ளேயே, அந்த ஒற்றைச் சாளைக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். பனிதாசன் அவளிடம் ஏதோ சொல்ல வந்தவன், பாதி வழியில் மணலில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கரை நெடுக இருநூறு ஆண்கள், பட்டப்பகலில், விழுந்த இடத்தில் கிடந்து உறங்கினார்கள். குலவை தானாக நின்றது. உபதேசியாரிடம் யாரோ போய் மணியை நிறுத்தச் சொன்னார்கள்.

உச்சி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சிலுவம்மாவின் மகள்தான் முதலில் வீட்டுக்குப் போய் ஒரு குடையை எடுத்து வந்து தன் மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். டெல்பின் இரண்டு குடை எடுத்து வந்தாள். ஒன்றை அப்பாவின் தலைக்கு மேல் வள்ளத்தில் செருகிவிட்டு, மற்றதை விரித்துக்கொண்டு பனிதாசனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் முகத்தை இப்படி அவசரமில்லாமல் முன்னால் இருந்து பார்த்து எத்தனையோ நாளாயிற்று. அவன் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. அவளும் எழுப்பவில்லை.